கைப்பிள்ளைக்குப் பால், மூத்தவனுக்கு மடி

மதுரை செல்லூரிலிருந்து ஒரு மருமகள் கேட்டிருக்கிறாள். பெண் குழந்தை பிறந்து இன்றோடு 23 நாள். மூத்தவன் பையன், இரண்டு வயது இரண்டு மாதம். வீட்டில் ஒன்பது பேர். வாசலிலேயே மாமியாரின் இட்லிக்கடை. காலை ஐந்து மணிக்கு அடுப்புப் பற்ற வைத்தால் பத்து மணி வரை யாருக்கும் கை ஓயாது. வீட்டுக்காரர் தறிக்குப் போகிறார். பையன் பாப்பாவின் காலைப் பிடித்து இழுக்கிறான். நேற்று அதன் வாயில் முறுக்கை வைத்துவிட்டான். பால் கொடுக்க உட்கார்ந்தால் போதும், தண்ணீர் டிரம்மில் செருப்பைப் போடுகிறான். நன்றாகச் சொல்லிப் பழகியிருந்தவன் இப்போது நின்ற இடத்தில் ஒன்றுக்குப் போகிறான். "எனக்கும் பாலு" என்று மாராப்பை இழுக்கிறான். "ரெண்டு தடவ அடிச்சுட்டேன், அடிச்சுட்டு நானும் உக்காந்து அழுதேன்" என்று எழுதியிருக்கிறாள். மூன்று மாதத்துக்கு அவனை வாடிப்பட்டியில் அம்மாச்சி வீட்டில் விட்டுவிடலாம் என்கிறாராம் மாமியார். அனுப்பலாமா, அனுப்பாவிட்டால் எப்படிச் சமாளிப்பது என்பது கேள்வி.

தாயி, நான் மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் 31 வருடம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உனக்கு என் மகள் வயசு இருக்கும், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அனுப்ப வேண்டாம். உன் அத்தை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கொதிக்கிற கொப்பரைக்குப் பக்கத்தில் ஒரு பொடியன் ஓடுகிறான், உள்ளே பச்சை உடம்புக்காரி தூக்கமில்லாமல் கிடக்கிறாள். அவருக்குப் பயம் வருகிறது, அந்தப் பயம் நியாயமானது. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளைக்கு மூன்று மாதம் என்றால் என்னவென்று தெரியாது. பாப்பா வந்தது, என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள் என்பதுதான் அவனுக்குப் பதியும். திரும்பி வருகிறபோது அம்மா மடியில் பாப்பா இன்னும் பெரிதாக உட்கார்ந்திருக்கும். அப்படி அனுப்பி அழைத்து வந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வந்த முதல் வாரம் அம்மாவிடம் ஒட்டவே மாட்டார்கள். அதற்குப் பிறகு இடுப்பை விட்டு இறங்கவே மாட்டார்கள். ஒத்தாசைக்கு ஆள் வேண்டுமென்றால் அம்மாச்சியைப் பத்து நாளைக்கு இங்கே வரச் சொல். இல்லை, காலையில் கூட்டிப்போய்ப் பொழுது சாய வீட்டில் கொண்டுவந்து விடட்டும். ராத்திரி அவன் படுக்கிற பாய் மாறக் கூடாது.

ஒரு வீட்டை நான் மறக்கவே இல்லை. மேலூருக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். பிறந்து ஒரு மாதமான பையனை நிறுக்கப் போயிருந்தேன். விட்டத்தில் தராசைக் கட்டித் தொங்கவிட்டு, துணிப்பையில் பாப்பாவை வைத்து, 4 கிலோ 100 என்று அட்டையில் எழுதினேன். வீடே சிரித்தது. பாப்பாவைத் தூக்கிக் கொடுத்ததும், அதுவரை கதவு மூலையில் நின்றிருந்த மூத்த பெண் மெதுவாக வந்து, காலியாகத் தொங்கிய பைக்குக் கீழே நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினாள். வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. தூக்கி உட்கார வைத்தேன். முள் 8 கிலோ 900-ல் நின்றது. அவளுடைய பழைய அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தால், மூன்று மாதத்துக்கு முன் 9 கிலோ 600. வயது இரண்டே கால். பட்டினி கிடக்கிற வீடு இல்லை அது. தொழுவத்தில் கறவை மாடு நின்றது, முற்றத்தில் கோழி மேய்ந்தது. பாப்பா பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளைக்கு உட்கார்ந்து ஊட்ட ஆள் இல்லை. தட்டில் போட்டு வைத்தார்கள், பாதியைக் கோழி தின்றது.

உன் அத்தைக்கும் தெரிந்த சொல்தான் இது: சவலை. தாய் அடுத்ததைச் சுமக்க ஆரம்பித்ததும், பெற்றதும், பாலும் மடியும் பறிபோய் மெலிந்து, எதற்கெடுத்தாலும் சிணுங்கித் திரிகிற மூத்த பிள்ளை. 1930-களில் ஆப்பிரிக்காவில், இன்றைக்கு கானா என்கிற நாட்டில், சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் வேலை பார்த்தார். கால் வீங்கி, முடி செம்பட்டையாகி, எதிலும் நாட்டமில்லாமல் கிடக்கிற பிள்ளைகளை அவர் பார்த்தார். அந்த ஊர் மக்கள் அந்த நோய்க்குச் சொன்ன பெயர் குவாஷியோர்கர். அடுத்த குழந்தை வந்ததும் மூத்ததுக்கு வருகிற நோய் என்று அவர்கள் மொழியில் அதற்குப் பொருள். 1935-ல் அதே பெயரை வைத்து அவர் மருத்துவ இதழில் எழுதினார். இன்று வரை டாக்டர் படிப்பில் அந்தப் பெயர்தான். நம் அப்பத்தாமார் சவலை என்று சொன்னதும் அந்தப் பிள்ளையைத்தான்.

உன் பையனுக்குச் சவலை என்று நான் சொல்ல வரவில்லை. டிரம் வரைக்கும் ஓடிச் செருப்பைப் போடுகிற தெம்பு அவனுக்கு இருக்கிறது. மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று நீ எழுதியிருந்தால்தான் எனக்குக் கவலை வந்திருக்கும். ஆனால் உடம்பு இளைக்கிறதுக்கு முன்னாலேயே மனசு இளைத்துவிடும். உன் வீட்டில் இப்போது அதிகம் பார்க்க வேண்டியது மூத்தவனைத்தான். கைப்பிள்ளைக்கு வேண்டியது பால், சூடு, சுத்தம், தூக்கம். அது அழுதால் ஒன்பது பேரும் ஓடி வருவார்கள். மூத்தவன் அழுதால் "சும்மா இருடா" என்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். தடவைக்கு அரை மணி என்று வைத்தாலும் நீ ஐந்து மணி நேரம் ஒரே இடத்தில் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறாய். அந்த ஐந்து மணி நேரமும் அவனுக்கு நீ இருந்தும் இல்லை. கூப்பிட்டால் வரமாட்டாய், செருப்பு தண்ணீரில் விழுந்தால் எழுந்து வருவாய். இதை அவன் இரண்டே நாளில் படித்துவிட்டான். உன்னை இழுக்க அவன் கையில் இருக்கிற ஒரே கயிறு சேட்டை. அதை அடித்துப் பிடுங்க முடியாது. வேறு கயிறு கொடுத்தால் இதை விட்டுவிடுவான்.

அதனால் பால் கொடுக்கிற நேரத்திலிருந்து ஆரம்பி. பாப்பா வாயைத் திறந்து தலையைத் திருப்பித் தேட ஆரம்பித்ததும், அழட்டும் என்று காத்திராமல், முதலில் மூத்தவனைப் பார். ஒன்றுக்குக் கூட்டிப்போ, ஒரு வாய் தண்ணீர் கொடு, கையில் ஒரு வாழைப்பழமோ பாதி இட்லியோ கொடு. இரண்டு நிமிட வேலை, அதுவரை பாப்பா முனகினால் ஒன்றும் ஆகாது. பிறகு கட்டிலில் உட்காராதே. தரையில், சுவரில் சாய்ந்து, ஒரு காலை நீட்டி உட்கார். அந்தத் தொடை அவனுக்கு. பாப்பாவுக்கு ஒரு கை, அவன் முதுகுக்கு ஒரு கை. ஒரு பிளாஸ்டிக் கூடையில் சிரட்டை, பழைய கரண்டி, மூடி போட்டுத் திறக்கிற பெரிய டப்பா, கலர்த் துணிகள் போட்டு வை. பால் கொடுக்கும்போது மட்டும் அந்தக் கூடை கீழே இறங்கும், முடிந்ததும் பரண் மேலே ஏறிவிடும். எப்போதும் கையில் கிடக்கிற சாமானை எந்தப் பிள்ளையும் மதிக்காது. புளியங்கொட்டை, பொத்தான், காசு, பட்டாணி எதுவும் கூடையில் வேண்டாம், வாய்க்குள் போகும். செல்போனைக் கையில் கொடுத்தால் அடங்கிவிடுவான், தெரியும். ஆனால் அவனுக்கு வேண்டியது உன் முகம். வாயால் கதை சொல், அழகர் கதையோ காக்கா கதையோ. நேற்று சொன்னதையே சொன்னாலும் அவனுக்கு அது புதுசு.

"எனக்கும் பாலு" என்று கேட்டால் அதட்டாதே. பாப்பா குடித்து முடித்ததும் கொடுத்துப் பார். வெகுநாள் முன்பே மறந்தவன் என்றால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுச் சிரித்து எழுந்துவிடுவான். பிறந்த குழந்தைக்கு முதலில், மூத்தவனுக்குப் பிறகு, இந்த வரிசை மாறாமல் இருந்தால் போதும். இரண்டு பேர் குடித்தால் பால் வற்றிவிடும் என்பது தப்பு. குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. வேப்பெண்ணெய், மிளகு எதையும் தடவி இந்த நேரத்தில் அவனை விரட்ட வேண்டாம். தர உனக்கு மனசில்லை என்றாலும் தப்பில்லை. "பாலு பாப்பாவுக்கு, மடி உனக்கு" என்று சொல்லி இழுத்து உட்கார வைத்துக்கொள்.

நின்ற இடத்தில் ஒன்றுக்குப் போவதும் அதேதான். பாப்பாவைப் போல இருந்தால் பாப்பாவைப் போலப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறான். துடைத்துவிட்டு, டவுசரை மாற்றிவிட்டு, பேச்சை அதோடு விடு. சில வாரத்தில் தானாகச் சரியாகும். போகும்போது வலி, காய்ச்சல், அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போவது என்றால் மட்டும் டாக்டரிடம் காட்டு.

அடித்ததற்காக நீ அழுதாய் என்பதே போதும், அதற்கு மேல் உன்னை நீயே வறுத்துக்கொள்ளாதே. இனி செய்ய வேண்டியது ஒன்று. அவன் பாப்பா பக்கம் கையை நீட்டும்போது "தொடாத!" என்று கத்தாதே. அவன் கையை உன் கைக்குள் எடுத்து, பாப்பாவின் பாதத்தில் வைத்து, "மெதுவா… மெதுவா…" என்று தடவக் கற்றுக்கொடு. முகமும் கையும் வேண்டாம், கால் மட்டும் அவனுக்கு என்று சொல். முத்தமும் காலில்தான். பெரிய பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கும், அது வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் சின்னதுக்கு வரும். ஓங்கினால் கையைப் பிடி. "அடிச்சா பாப்பாவுக்கு வலிக்கும்" என்று ஒரே வாக்கியம், கண்ணைப் பார்த்து. பெரிய உபதேசமெல்லாம் இரண்டு வயதுக் காதில் ஏறாது.

உன் சொந்தக்காரர்கள் பேசுகிற பேச்சையும் பார். பாப்பா பார்க்க வருகிறவர்கள் பையனைப் பிடித்து வைத்துக்கொண்டு, "இனிமே உனக்கு அம்மா கெடையாதுடா", "பாப்பாவ நாங்க தூக்கிட்டுப் போறோம்", "உன்னயத் தவிட்டுக்கு வாங்குனோம்" என்று சீண்டுவார்கள். அவன் முகம் போகிற போக்கைப் பார்த்து எல்லாரும் சிரிப்பார்கள். இதை நான் வீட்டுக்கு வீடு பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் வயிறு எரிந்திருக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளை அதை அப்படியே நம்பும். ராத்திரி எழுந்து அலறும். உன் அத்தையிடம் சொல்லி, வருகிறவர்களிடம் அவரையே சொல்லச் சொல். கடைக்காரம்மா சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். வருகிறவர் முதலில் மூத்தவனிடம் பேசிவிட்டு, "உன் தங்கச்சிய எனக்குக் காட்டுறியா?" என்று அவனோடு உள்ளே வரட்டும். "நீ பெரியவனாயிட்ட" என்று ஆளாளுக்குச் சொல்வதையும் நிறுத்து. அவன் பெரியவன் ஆகவில்லை. 23 நாளுக்கு முன்னால் அவன்தான் அந்த வீட்டுப் பாப்பா.

முறுக்கு விஷயத்துக்கு வருகிறேன், இது உயிர்ச் சங்கதி. அவன் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை, தனக்குப் பிடித்ததைத் தங்கச்சிக்குக் கொடுத்திருக்கிறான். ஆனால் மூத்தவனையும் கைப்பிள்ளையையும் ஒரு அறையில் தனியாக விடவே கூடாது. அடுப்பில் பாலை இறக்கிவிட்டு வருகிற நேரம்கூடக் கூடாது. எழுந்து போனால் இரண்டில் ஒன்று உன்னோடு வரட்டும். ஒருவேளை பாப்பாவுக்கு எதாவது தொண்டையில் அடைத்து அழ முடியாமல் திணறினால், விரலை விட்டுத் துழாவாதே, இன்னும் உள்ளே தள்ளிவிடும். முன்கையில் குப்புறப் படுக்கப் போடு, தலை தாழ்ந்து இருக்கட்டும், தாடையைத் தாங்கிப் பிடி. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 தட்டு. வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் 5 அமுக்கு. வெளியே வருகிற வரை மாற்றி மாற்றிச் செய், கூட இருப்பவர் 108-க்குப் போன் போடட்டும். இதை உன் வீட்டுக்காரரும் உன் அத்தையும் ஒரு தடவை தலையணையை வைத்துச் செய்து பார்த்துவிட வேண்டும்.

பெரியவர்கள் வைக்கிற முறுக்கும் உண்டு. பிறந்த பிள்ளை நாக்கில் இனிப்பைத் தொட்டு வைக்கிற சேனை, சர்க்கரைத் தண்ணீர், தேன், வசம்பு உரசி ஊற்றுவது எதுவும் வேண்டாம். ஆறு மாதம் முடிகிற வரை தாய்ப்பால் மட்டும், சித்திரை வெயிலிலும் தண்ணீர் தேவையில்லை, பாலிலேயே இருக்கிறது. தேன் ஒரு வயது வரை ஆகாது, அதில் இருக்கிற ஒரு கிருமி பச்சைக் குழந்தைக்கு நரம்பைத் தளர்த்துகிற நோயைக் கொண்டுவரும். குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் ஊற்றுவது, ஊதிவிடுவது, சாம்பிராணிப் புகையில் காட்டுவது இவற்றையும் விட்டுவிடுங்கள். காலில் போட்டு வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டுகிற அத்தையின் கை ராசியான கைதான், அது அப்படியே இருக்கட்டும்.

ராத்திரி படுக்கை. பாயில் தரையில் படுப்பது இந்த விஷயத்தில் நல்லது, யாரும் உருண்டு விழப்போவதில்லை. முதலில் அப்பா, பிறகு மூத்தவன், பிறகு நீ, உனக்கு அந்தப் பக்கம் பாப்பா. மூத்தவனும் பாப்பாவும் அடுத்தடுத்துப் படுக்கக் கூடாது, தூக்கத்தில் கையைப் போடுவான், காலைப் போடுவான். பாப்பாவை மல்லாக்கப் போடு, தலையணை வேண்டாம், முகத்துப் பக்கம் துணி எதுவும் வேண்டாம். சேலைத் தொட்டில் கட்டினால் தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல் உயரம் வேண்டாம், கீழே மெத்தை மடித்துப் போடு, சேலை மூடிக்கொள்ளாமல் தொட்டில் கம்பு வை. பாப்பாவின் கழுத்து மடங்கி மோவாய் நெஞ்சில் படிந்திருக்கிறதா என்று அடிக்கடி பார், படிந்தால் மூச்சு முட்டும். மூத்தவனுக்குத் தொட்டிலை ஆட்டுவது கொள்ளைப் பிரியமாக இருக்கும், வேகமாக ஆட்டித் தூணில் இடித்துவிடுவான். யாராவது பெரியவர் கையைப் பிடித்துத்தான் ஆட்ட வேண்டும். பாப்பா இல்லாத நேரத்தில் தொட்டிலை அவிழ்த்து மேலே சுருட்டிப் போடு. அவன் ஏறி விளையாடிச் சேலை கழுத்தில் சுற்றிக்கொண்டால் சத்தம்கூட வராது.

இப்போது கடை நேரம். ஐந்திலிருந்து பத்து மணி வரை அவனுக்கு ஒரு ஆள் வேண்டும், அது நீ இல்லை. மாமனார் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அவருக்கு முட்டி வலி, தூக்க முடியாது என்றும் எழுதியிருக்கிறாய். தூக்க வேண்டாம், நடத்திக் கூட்டிப்போகட்டும். செல்லூரை ஒட்டித்தான் திண்டுக்கல் ரயில் போகிறது, காலை நேரத்தில் நின்று பார்த்தால் இரண்டு வண்டியாவது வரும். பால் வாங்கப் போகும்போது விரலைப் பிடித்துக்கொண்டு போகட்டும். ஒரு மணி நேரம் வெளியே சுற்றி வந்த பிள்ளை அடுத்த ஒரு மணி நேரம் வம்பு பண்ணாது. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள நிலையில் இரண்டரை அடி உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு அடிக்கச் சொல், ஆசாரி அரை நாளில் முடித்துவிடுவார். சாம்பார்ச் சட்டியைத் தரையில் இறக்கி வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிற்க வேண்டும். மீறிச் சுட்டுவிட்டால் இட்லி மாவு, பேஸ்ட், இங்க் எதையும் தடவாமல் 20 நிமிடம் பச்சைத் தண்ணீர் ஊற்று. குழாயில் வரவில்லையென்றால் செம்பில் மொண்டு மொண்டு ஊற்று. ஐஸ் வைக்காதே. சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ.

டிரம்முக்குப் பூட்டுகிற மாதிரி மூடி வாங்கு. வாளியில், அண்டாவில் தண்ணீர் பிடித்துத் திறந்து வைக்காதே. இந்த வயதில் தலை கனம், குப்புற விழுந்தால் எழத் தெரியாது, நாலு விரல் தண்ணீரே போதும். செருப்பைப் போட ஓடுகிறவன் ஒருநாள் அதை எடுக்கவும் எட்டிப் பார்ப்பான். தண்ணீர் அவனுக்குப் பிடிக்கிறது என்று தெரிகிறது. சாயங்காலம் அப்பா வந்ததும் முற்றத்தில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி அடித்து விளையாட விடட்டும். தறியிலிருந்து வருகிறவருக்கும் அலுப்புத்தான். ஆனாலும் ராத்திரிச் சோறு ஊட்டுவதும் தூங்க வைப்பதும் அவர் பொறுப்பு. பத்து நாளில் அழகர் ஆற்றில் இறங்குகிறார். பாப்பா அந்தக் கூட்டத்துக்கும் வெயிலுக்கும் போகக் கூடாது, நீயும் போக வேண்டாம். பையனை மட்டும் அப்பா தோளில் உட்கார வைத்துக் கூட்டிப்போகட்டும். தண்ணீர் பீய்ச்சுகிறவர்களைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருப்பான். பாப்பா போகாத இடத்துக்கு நான் போனேன் என்பது அவனுக்குப் பெரிய சொத்து.

பால்வாடியில் இரண்டு வயது முடிந்தவனைச் சேர்க்கலாம், மதியச் சோறும் முட்டையும் உண்டு. ஆனால் இப்போதே வேண்டாம். பாப்பா வந்த கையோடு கொண்டுபோய் விட்டால் அதுவும் வாடிப்பட்டி மாதிரிதான். ஆனி மாதம் ஆகட்டும். சாப்பாட்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. ஒரு வேளையாவது நீயோ அத்தையோ உட்கார்ந்து ஊட்ட வேண்டும். உன் பத்தியச் சோறு அவனுக்கும் நல்ல சோறுதான், பூண்டும் கீரையும் பருப்புமாக அதிலேயே பிசைந்து ஒரு உருண்டை கொடு. தினம் ஒரு முட்டை. நிலக்கடலையை முழுசாகக் கொடுக்காதே, இடித்துக் கருப்பட்டி சேர்த்துக் கொடு. புயத்தின் நடுவில் நாடாவைச் சுற்றி அளந்தால் 12.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, 11.5-க்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரி. பாதம் வீங்கினாலும் அப்படியே.

உன்னைப் பற்றி. ஆபரேஷனா சுகப்பிரசவமா என்று நீ எழுதவில்லை. ஆபரேஷன் என்றால் ஆறு வாரம் மூத்தவனைத் தூக்காதே, நீ உட்கார், அவன் ஏறி வரட்டும். தாகம் எடுக்கிற போதெல்லாம் தண்ணீர் குடி, வயிறு போட்டுவிடும் என்று குறைக்க வேண்டாம். பகலில் இரண்டும் ஒரே நேரத்தில் தூங்குகிற அந்த ஒரு மணி நேரம் பாத்திரம் கிடக்கட்டும், நீ படு. அழுகை இரண்டு வாரத்துக்கு மேலும் நிற்காவிட்டால், பிள்ளைகள் மேலே ஒட்டுதல் வராவிட்டால், செத்துவிடலாம் என்று நினைப்பு வந்தால், மறைக்காதே. பிரசவத்துக்குப் பிறகு வருகிற மனச்சோர்வு அது, வைத்தியம் இருக்கிறது. அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடு, காசில்லாமல் தமிழிலேயே பேசுவார்கள்.

பாப்பாவுக்கு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரியாக இருந்தாலும் கிளம்பிவிடு: பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு இரைப்பது, நெஞ்சு உள்வாங்குவது, 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல், உடம்பு சில்லிடுவது, வலிப்பு, தொப்புளில் சீழ். மஞ்சள் காமாலை 14 நாளுக்கு மேலும் தெரிந்தாலோ, மலம் வெளிறி வெள்ளையாகப் போனாலோ வெயிலில் காட்டிக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் காட்டு. நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் ஒன்றுக்குப் போய்க்கொண்டு, எடையும் ஏறிக்கொண்டு இருந்தால் பால் பத்துகிறது என்று அர்த்தம், பக்கத்து வீட்டார் "பால் பத்தல, டப்பா வாங்கு" என்றால் காதில் போடாதே.

இன்னும் 19 நாளில் பாப்பாவுக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி, நம்மூரில் புதன்கிழமை போடுவார்கள். போகும்போது பையனையும் கூட்டிப்போ, அவன் அட்டையையும் எடுத்துக்கொள். ஒன்றரை வயதில் போட வேண்டிய ஊசி விட்டுப்போயிருக்கிறதா, ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கிற வைட்டமின் ஏ கொடுத்தார்களா, பூச்சி மாத்திரை கொடுத்தார்களா என்று நர்ஸைப் பார்க்கச் சொல். பாப்பாவை நிறுத்து முடித்ததும் அவனையும் நிறுக்கச் சொல். அவன் கேட்காவிட்டாலும் சொல். எத்தனை கிலோ என்று அவன் காதில் விழுகிற மாதிரி சத்தமாகப் படிக்கச் சொல்.